“ஒப்படைப்பவர் கையொப்பம்”: திருகோணமலை முதியோர் இல்லமொன்றில் ஒரு தாயும் மகளும்

இந்த நிகழ்வு 2023 ஏப்ரலில் தொடங்கி 2024 டிசம்பர் வரை போனது. திருகோணமலை நகரத்தை அண்டிய ஒரு முதியோர் இல்லம், அங்கே இருந்த ஒரு தாய், நகரத்தில் வேலை செய்த அவருடைய இளைய மகள், இல்லப் பொறுப்பாளர், பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்த்துவந்த நான் ஆகியோர் இதில் சம்பந்தப்பட்டவர்கள். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும் எடுத்த முடிவுகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். முதல் முடிவு நான் எடுத்தது. அது பிழையான முடிவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

தாய்க்கு அப்போது 78 வயது. மூதூர் கிழக்கில் பிறந்து வளர்ந்தவர். 2006 இல் போரால் அந்தப் பகுதி முழுதும் இடம்பெயர்ந்தபோது மட்டக்களப்புப் பக்கம் போனார். பிறகு கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்து, 2015 க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார். காணி கிடைத்தது, ஆனால் அக்கம்பக்கத்தில் முன்பு இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. ஒரு நேரம் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிற மச்சாள்மார், தங்கச்சிமார் வெவ்வேறு ஊர்களில் தங்கிவிட்டார்கள். மூத்த மகள் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளை, அதாவது பேத்தி, மூதூரில் குடும்பமாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். இளைய மகள் திருகோணமலையில் ஒரு துணிக்கடையில் 11 வருடமாக வேலை செய்துவந்தார்.

2022 இல் தாய்க்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. மகள் தன் இரண்டு அறை வாடகை வீட்டுக்குக் கூட்டிவந்தார். விலைவாசி தலைக்குமேல் போன வருடம் அது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வழியில்லை. காலை எட்டரைக்குக் கடைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்ப்பார். 2023 மார்ச்சில் தாய் தனியே எழும்பி நடக்கப் பார்த்துக் கிணற்றடியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மாலை வரைக்கும் ஈரத்தில் கிடந்திருக்கிறார். அடுத்த மாதம் மகள் அவரை இல்லத்தில் சேர்த்தார்.

அனுமதிப் படிவம் ஒரு பக்கம். அதில் குடும்பத்துக்கென்று இருந்தது ஒரேயொரு வரி: “ஒப்படைப்பவர் பெயர், உறவுமுறை, கையொப்பம்.” மகள் கையொப்பமிட்டார். அந்தச் சொல் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

இந்த இல்லம் தரும அடிப்படையில் நடப்பது. 23 பேர் இருந்தார்கள். பகலில் இரண்டு பராமரிப்பாளர்கள், இரவில் ஒருவர். பொறுப்பாளர் நல்ல மனுசி. இருக்கிற ஆளை வைத்து இழுத்துப் பிடித்து நடத்துகிறவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

முறைப்பாடும் முதல் முடிவும்: 2023 ஜூலை

ஜூலையில் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. மகள் பார்வை நேரத்துக்கு வெளியே மத்தியானத்தில் வருகிறார், வெளிச்சாப்பாடு கொண்டுவந்து ஊட்டுகிறார், பராமரிப்பாளர்களோடு வாக்குவாதப்படுகிறார், மற்ற அம்மாமார் “எங்கட பிள்ளையள் ஏன் வரேல்ல” என்று கேட்டு அழுகிறார்கள், ஆகவே தாயைத் திருப்பிக் கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்பது சாரம்.

பார்வை நேரம் பின்னேரம் 3 முதல் 5 வரை. கடையில் வேலை செய்கிற ஒருவருக்கு அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். இதை நான் கவனித்தேன், ஆனாலும் பெரிதாக எடுக்கவில்லை. பார்வை நேரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. குடித்துவிட்டு வந்து காசு கேட்கிற மகன்மாரையும், காணி உறுதியில் கைநாட்டு வாங்க வருகிற உறவுகளையும் நான் பார்த்திருக்கிறேன். கதவை எந்த நேரமும் திறந்து வைத்தால் முதியவர்களுக்கே ஆபத்து. ஆகவே மகளைக் கூப்பிட்டு, நேரத்துக்குக் கட்டுப்படும்படி எழுத்தில் அறிவுறுத்தினேன். இல்லத்துக்கும் பிரதி அனுப்பினேன்.

அவர் கடிதத்தை வாசித்துவிட்டு ஒன்று சொன்னார்: “சேர், நான் அம்மாவ அங்க விட்டுட்டுப் போகேல்ல. அம்மா இருக்கிற இடம் மட்டும்தான் மாறினது.” அதைப் பதிவேட்டில் எழுதினேன். முடிவை மாற்றவில்லை.

பிறகு நடந்தது: ஆகஸ்ட், செப்டம்பர்

கடிதத்தில் சொன்னபடி மகள் ஞாயிறுகளில் மட்டும் வந்தார். ஜூலையில் 41 கிலோ இருந்த தாய் செப்டம்பர் நடுப்பகுதியில் 36 க்கு வந்தார். சாப்பிட மறுக்கிறார் என்று இல்லப் பதிவில் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சோறு புரையேறி, அன்றிரவே காய்ச்சலும் இழுப்பும். வைத்தியசாலையில் நுரையீரல் தொற்று என்றார்கள். பாரிசவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்கும் தசைகள் பலவீனமாகும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்த் தொற்றாகலாம்.

ஒன்பது நாள் வாட்டில் இருந்தார். இல்லத்திலிருந்து துணைக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. அனுப்பினால் மற்ற 22 பேரை ஒருவர் பார்க்க வேண்டும். மகளைக் கூப்பிட்டார்கள். ஜூலையில் வராதே என்று சொல்லப்பட்டவர் செப்டம்பரில் இரவு பகலாகக் கட்டிலடியில் இருந்தார்.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. கிணற்றடியில் விழுந்தது, இல்லம் தேடியது, கிளினிக் என்று அவருடைய லீவு ஓகஸ்டிலேயே முடிந்துவிட்டது. மிச்சம் எல்லாம் சம்பளமில்லாத நாட்கள். பிள்ளை பெற்றவருக்கு 84 நாள் லீவை எங்கள் சட்டம் தருகிறது, தர வேண்டியதுதான். பெற்ற தாய்க்குப் பக்கத்தில் இருக்க ஒரு நாளுக்கும் பெயர் வைக்கவில்லை.

கட்டிலடியில் பார்த்தது

வாட்டுக்கு நான் போனது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மகள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, தாயை நேராக இருத்தினார். குழைந்த சோற்றைப் பாரை மீன் சொதியோடு கையால் மசித்தார், முள் ஒன்றும் இல்லையென்று விரலால் தேடினார். தேக்கரண்டியில் பாதியளவு எடுத்து வலது பக்கத்தால் வைத்தார். “நாடிய கீழ வையுங்கோ அம்மா, இப்ப முழுங்குங்கோ” என்று சொல்லி, தொண்டைக்குழியில் இரண்டு விரலை மெல்ல வைத்துக் காத்திருந்தார். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி. நாலு வாய்க்கு ஒரு தடவை இடது கன்னத்துக்குள் விரல் விட்டு, அங்கே தங்கியிருந்த சோற்றை வழித்தெடுத்தார். முடிந்ததும் படுக்க விடவில்லை. அரை மணித்தியாலம் இருத்தி வைத்துக் கதை சொன்னார். ஒரு சின்னக் கோப்பைச் சோறுக்கு நாற்பது நிமிடம்.

பக்கத்தில் நின்ற தாதி, “இதை ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார். பாரிசவாதம் வந்த நேரம் வாட்டில் ஒரு மிஸ் ஒருக்காக் காட்டித் தந்தவ, மிச்சம் வீட்டில் ஏழெட்டு மாதத்தில் பழகினது என்றார் மகள்.

இல்லத்தில் மத்தியானம் தானாகச் சாப்பிட முடியாதவர்கள் 11 பேர். ஊட்ட இரண்டு பேர். ஒருவருக்கு நாற்பது நிமிடம் கொடுக்க அவர்களால் முடியாது, கணக்கு சரிவராது. ஜூலையில் நான் “வெளிச்சாப்பாடு ஊட்டுவது” என்று வாசித்தது இதைத்தான். வாக்குவாதமும் இதைப் பற்றியது: படுத்தபடி ஊட்டாதீர்கள் என்று மகள் சொன்னதை அவர்கள் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். முறைப்பாட்டில் அது “தகராறு” ஆனது. நான் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்திருந்தால் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

சட்டம் பார்க்கிற குடும்பம்

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். 60 வயதைத் தாண்டியவரை முதியவராக அங்கீகரிக்கிறது, இல்லங்களைப் பதியச் சொல்கிறது, பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு விண்ணப்பிக்கப் பராமரிப்புச் சபை ஒன்றை அமைக்கிறது. பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது, பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றும், பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்கு அரசு தங்குமிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, சட்டத்தின் மனதில் பெற்றோரை வைத்துப் பார்க்கிற பிள்ளையும் இருக்கிறது, கைவிட்ட பிள்ளையும் இருக்கிறது. இல்லத்தில் விட்டு, விட்ட பிறகும் கிழமைக்கு மூன்று நாள் சோற்றுக் கோப்பையோடு வருகிற பிள்ளைக்கு அதில் இடமில்லை. படிவத்தில் இருந்த “ஒப்படைப்பவர்” என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். ஊர் வாயும் அதே மாதிரித்தான்: “தாயக் கொண்டுபோய் விட்டுட்டாள்.”

2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெண்கள் வேலைக்கு, வீடுகள் சின்னன். இந்த மகளைப்போல நடுவில் நிற்கிறவர்கள் கூடத்தான் போகிறார்கள்.

எடுத்த முடிவுகள்: 2023 ஒக்டோபர்

ஒக்டோபர் முதல் கிழமை இல்லத்திலேயே இருந்து பேசினோம். பொறுப்பாளர், ஒரு பராமரிப்பாளர், மகள், மூதூரிலிருந்து வந்த பேத்தி, நான். ஜூலைக் கடிதத்தை மீளப்பெறுகிறேன் என்று முதலில் சொன்னேன். பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப நாங்க பிழையோ?” என்று கேட்டார். ஆட்பலம் பிழை, கடிதம் என் பிழை என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

கடைசியில் ஒரு பக்கத்தில் இணக்கம் எழுதினோம். மகளின் பெயர் “குடும்பப் பராமரிப்பாளர்” என்று எழுதப்பட்டது. கிழமையில் மூன்று நாள் மத்தியானம் 12.15 க்கு அவர் உள்ளே வரலாம், சமையலறைச் சோற்றையே பாவிக்கலாம், சொதி மட்டும் கொண்டுவரலாம். மற்ற அம்மாமாரின் கண்ணில் படாமல் தாயைப் பின் விறாந்தைக்கு மாற்றி ஊட்டுவது பொறுப்பாளரின் யோசனை, நல்ல யோசனை. மற்ற நாட்களுக்காக இரண்டு பராமரிப்பாளர்களுக்கும் மகளே ஊட்டும் முறையைக் காட்டுவது, அதற்கு முன் வைத்தியசாலையில் விழுங்கல் பயிற்சி தருகிறவரிடம் ஒரு தடவை சரிபார்ப்பது. வாட்டில் மறித்தால் முதல் இரண்டு இரவு மகள், மூன்றாம் நாள் பேத்தி, பகலில் ஒரு நேரம் இல்லத்துப் பிள்ளை. கிண்ணியாப் பாலமும் அந்த வழியின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு மூதூரிலிருந்து வர படகுத்துறையில் காத்து நிற்கும் நிலை இல்லை. இருந்தாலும் பேத்திக்குக் கைக்குழந்தை, அவரை அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

மகனைப் பற்றியும் பேசினோம். அவர் காசு அனுப்புவது வருடத்தில் ஓரிரு தடவை. பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தாயிடம் சொன்னேன். அவருக்குப் பேச்சுத் தெளிவில்லை, ஆனால் தலையைப் பலமாக ஆட்டி, “வேண்டாம், என்ர பிள்ள” என்றார். அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. மகள் தம்பிக்கு வட்ஸ்அப்பில் ஊட்டும் காணொளியை அனுப்பினார். அதற்குப் பிறகு மாதாமாதம் 15,000 வந்தது. சபைக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

கடை முதலாளியிடமும் போனேன். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை, கேட்கத்தான் முடியும். அவர் மத்தியான இடைவேளையை 12 முதல் ஒன்றேகால் வரை தந்து, பின்னேரம் அரை மணித்தியாலம் கூட நிற்கச் சொன்னார்.

தொடர்ந்து நடந்தவை

எடை நவம்பரில் 37, 2024 மார்ச்சில் 40. அந்த மாரிகாலத்தில் ஒரு தடவை காய்ச்சல், நான்கு நாளில் வாட்டிலிருந்து விட்டார்கள். பராமரிப்பாளர்களில் ஒருவர் ஊட்டும் முறையை நன்றாகப் பிடித்துக்கொண்டார், இன்னும் மூன்று பேருக்கு அதே மாதிரி ஊட்டத் தொடங்கினார். மற்றவர் மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனார், புதிதாக வந்தவருக்குத் திரும்பவும் மகளே காட்டினார்.

நவம்பரில் இல்லத்தில் முதல் குடும்பக் கூட்டம் வைத்தோம். ஆறு குடும்பம் வந்தது. பாம்பர்ஸ் விலை, கிளினிக்குக்கு விடியக் கூட்டிப்போக வாகனம், இப்படியான கதைகள்தான். கந்தளாயிலிருந்து வந்த ஒருவர் கடைசியில் சொன்னது எனக்கு மறக்காது: தாய் இல்லத்தில் இருப்பதை வேலைத்தலத்தில் சொல்லவில்லை, லீவு கேட்கும்போதெல்லாம் கோவிலுக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது குடும்பம். அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டுச் சட்டமே இப்படி இல்லங்களுக்குள் குடும்பங்கள் கூடுகிற உரிமையைக் கொடுத்தது. எங்களுக்கு அது பொறுப்பாளரின் மனதைப் பொறுத்தது.

இடையில் ஒரு கடதாசித் தொல்லை. தாய்க்கு இறந்த கணவரின் வழியில் விதவை ஓய்வூதியம் வருகிறது. 2024 தொடக்கத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. ஊர்க் கிராம உத்தியோகத்தர், ஆள் இப்போது இங்கே இல்லை என்றார். இல்லம் இருக்கிற பிரிவின் உத்தியோகத்தர், பதிவு இங்கே இல்லை என்றார். மகள் இரண்டு நாள் அலைந்த பிறகு நான் போன் எடுத்துச் சரிசெய்தேன். ஒரு போன் அழைப்பில் முடிகிற விடயத்துக்கு அவருடைய இரண்டு நாள் சம்பளம் போனது.

2024 மே மாதம் கடை கைமாறியது. புதியவர், இப்படியான ஒழுங்கு ஒன்றும் தனக்குத் தெரியாது, மத்தியானம் அரை மணித்தியாலம்தான் என்றார். நான் போய்க் கேட்டும் பலனில்லை. மகள் ஒரு மாதம் சமாளித்துப் பார்த்து, ஜூனில் வேலையை விட்டார். இப்போது வீட்டில் தைக்கிறார். வருமானம் முன்பிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அவருக்கு 49 வயது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் போட்ட 8 வீதமும் கடை போட்ட 12 வீதமும் ஜூனோடு நின்றுவிட்டன. தாயின் முதுமையைப் பார்த்ததற்கு அவர் தன் முதுமையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மாற்ற வேண்டியவை

என் அளவில், பார்வை நேர முறைப்பாடு வந்தால் இப்போது முதலில் கேட்பது, அந்த உறவினர் உள்ளே வந்து என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்காமல் எழுதுவதில்லை.

இல்லங்களைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் அரசின் கையில் இருக்கிறது. பதிவு நிபந்தனையில் இரண்டு விடயத்தைச் சேர்க்கலாம், இரண்டுக்கும் செலவில்லை. ஒன்று, அனுமதிப் படிவத்தில் குடும்பப் பராமரிப்பாளர் யார், அவர் என்ன செய்வார், எப்போது வருவார் என்று எழுதும் இடம். மற்றது, காலையிலோ இரவு ஏழு மணிக்குப் பிறகோ ஒரு பார்வை நேரம், வேலைக்குப் போகிறவர்களுக்காக. காசு கேட்டு வருகிறவர்களைத் தடுக்கவும் இந்தப் பெயர்ப் பதிவு உதவும், யார் எதற்கு வருகிறார் என்று வாசலில் தெரியும்.

லீவு பெரிய விடயம், அதற்குப் பாராளுமன்றம் வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 6 முதல், நீண்டகாலப் பராமரிப்புத் தேவைப்படும் உறவினருக்காக வருடத்தில் ஒரு கிழமை லீவு எடுக்க ஊழியருக்கு உரிமை உண்டு. சம்பளமில்லை, ஆனால் வேலை போகாது. பெற்றோர் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. அந்த ஒரு கிழமையும், இடைவேளையை மாற்றிக் கேட்கும் உரிமையும் இங்கே இருந்திருந்தால் இந்த மகள் இன்றும் கடையில் இருந்திருப்பார் என்றே நம்புகிறேன். சம்பளத்தோடு தருவதுதான் சரி. ஆனால் அதற்காகக் காத்திருந்து இதையும் விட்டுவிடக் கூடாது.

உயிர்வாழ் சான்றிதழ் போன்றவற்றுக்கு இல்லம் அமைந்த பிரிவின் கிராம உத்தியோகத்தரே போதும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதுமானது.

இன்றைய நிலை

2024 டிசம்பரில் தாய்க்கு 39 கிலோ. பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. மகள் இப்போது தினமும் மத்தியானம் வருகிறார், தைத்த துணியை வழியில் கொடுத்துவிட்டு. இல்லம் தன் படிவத்தை மாற்றியிருக்கிறது. “ஒப்படைப்பவர்” என்ற வரி எடுபட்டு, அந்த இடத்தில் “குடும்பப் பராமரிப்பாளர்” என்ற தலைப்பில் அரைப் பக்கம். மாதிரியை மாகாணத் திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை. படிவத்தில் “இரவில் நிலைமை மோசமானால் கூட இருப்பவர்” என்றும் ஒரு வரி உண்டு. பெண்கள் படுக்கிற மண்டபத்தில் இரவில் வெளியாள் தங்குவதற்கு இல்லம் இன்னும் சம்மதிக்கவில்லை, அதில் அவர்களுக்கும் நியாயம் உண்டு. மகள் அந்த வரியில் தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.